மாப்பிள்ளையின் ஸ்வெட்டரில் இருந்த பிழைகள்

கண்ணாடி புட்டித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவளை ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், முதல் வாரம் அவள் வீட்டு டம்ளர்களை எல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டு டம்ளர்களைப் பார்ப்பாள். மூன்றாவது வாரம் யாராவது பொறுக்க முடியாமல் அவளைக் கொண்டுபோய்ப் பின்னல் வட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். என்னைச் சேர்த்துவிட்டது என் தங்கை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன் டாக்டரம்மா, ஏனென்றால் இந்த விஷயத்தில் ஆரம்பம் அவளுடையது என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். ஒரு பக்கத்தில் ஒரு காலுறைக்கான குறிப்பே அடங்காது. கண்காட்சியில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு நிற்குமா நிற்காதா என்று வட்டத்தின் தலைவியாக நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அதற்கு என் வாயாலேயே கேட்க விரும்புகிறீர்கள். நாற்பது வருஷம் பல் பிடுங்கியவர், வலிக்காமல் கேட்கத் தெரிந்தவர். நானும் முரண்டு பிடிக்காமல் சொல்கிறேன். மறைக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.

நான் வந்த முதல் சனிக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நூலக மாடியில் அந்த நீள மேஜை, ஒரு முனையில் டீ கெட்டில், மறுமுனையில் எல்லோரும் கழித்துப் போட்ட நூல் துணுக்குகள். நான் ஊசி பிடித்த அழகைப் பார்த்து நம் மெக்கானிக்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஸ்பேனர் மாதிரி பிடிக்கிறீங்களேம்மா. அது என் தொழில். இதைப் பேனா மாதிரி பிடிங்க."

நாள் முழுக்க லாரிக்கு அடியில் கிடக்கிற மனிதர், சனிக்கிழமை மத்தியானம் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து கொசுவலை போலச் சன்னமாகச் சால்வை பின்னுகிறார் என்றால் எனக்கு ஏன் வராது என்று நினைத்தேன். நாக்குத் தள்ளிவிட்டது. இருபது கண்ணியில் ஆரம்பித்த என் கழுத்துத் துண்டு முப்பத்தெட்டுக் கண்ணியில் முடிந்தது. ஊசியில் ஏறி நிற்கிற ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். அந்தப் பதினெட்டும் வழியில் எங்கே ஏறிக்கொண்டன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறினவர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் நின்றுகொண்டிருந்தன.

எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனதும் அந்தத் துண்டைப் பிரித்துப் போட்டேன். பிழையோடு ஒரு பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது. தொழிற்சாலையில் நிமிஷத்துக்கு அறுபது புட்டி என் முன்னால் நகரும், பின்னால் விளக்கு எரியும். குமிழி, கீறல், கோணல் வாய், எதுவானாலும் எடுத்துத் தொட்டியில் போட்டு உடைக்க வேண்டும். உடைந்தது மறுபடி உலைக்குப் போகும், உருகும், நல்ல புட்டியாகத் திரும்பி வரும். அதில் வீணாவது என்று ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் போனதும் கைக்கு ஒரு பழக்கம் வந்தது. ஆனால் நேராகப் போவேன், நேராகத் திரும்பி வருவேன், அவ்வளவுதான். அதற்கு மேல் எதைக் காட்டினாலும் பயம். கயிறு திரித்த மாதிரி வருகிற முறுக்குப் பின்னல், காலுறையில் குதிகால் திருப்புவது, எல்லாவற்றுக்கும் மேலே, பின்னி முடித்த துணியை நடுவில் கத்தரிக்கோலால் வெட்டித் திறக்கிற வித்தை. அதை நீங்கள் விவரித்த அன்று நான் எழுந்து போய் டீ போட்டேன்.

"பயம் போகணும்னா பழகிப் பாக்க ஒரு துணி வேணும்," என்று நீங்கள் சொன்னீர்கள். "கெட்டுப்போனாலும் பரவாயில்லைங்கற மாதிரி ஒண்ணு."

இதை உங்கள்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. சொன்னீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த வாரம்தான் தங்கை என் கதவைத் தட்டினாள். அவள் எனக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறாள். மழலைப் பள்ளி ஆசிரியை. நாலு வயதுக் குழந்தைகளோடு பேசுகிற அதே குரலில்தான் எல்லோரோடும் பேசுவாள், தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவர் உட்பட. அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, பஸ் டிரைவர். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் போய்விட்டார். அதற்கு முன்னால் பதினோரு மாதம் நோயோடு கிடந்தார். மருந்தில் விரல்கள் மரத்துப்போனபோது, விரலுக்கு வேலை கொடுங்கள் என்று சொல்லி வார்டு நர்ஸ் இரண்டு ஊசியைக் கையில் கொடுத்துப் பின்னச் சொல்லிக்கொடுத்தாள். ஸ்டியரிங் பிடித்த கை அது. பச்சை நூலில் தங்கைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தார். முதுகு முடிந்தது, மார்பு முடிந்தது, வலது கை முடிந்தது. நர்ஸ் மூன்றையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். இடது கை மட்டும் மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை வந்து நின்றுவிட்டது. ஊசி அதிலேயே இருந்தது. தங்கை அதை எடுக்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒரு பாலிதீன் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் முடிந்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்படி எடுத்தபோது ஊசி முனையிலிருந்து ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. நழுவிய கண்ணி சும்மா இருக்காது. கீழே கீழே இறங்கி, ஏணி மாதிரி நாலு வரிசை பிரிந்துவிட்டது. பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, படியில் மூச்சு வாங்க ஏறி வந்திருந்தாள்.

"அக்கா, இது மொத்தமும் பிரிஞ்சு போயிடுமா?"

"போகாது. விடு, நான் பாத்துக்கறேன்."

"அந்த ஒரு கண்ணிய மட்டும் பிடிச்சு நிறுத்திடுக்கா. வேற எதையும் தொட்டுடாதே. அவரு கையால பண்ணினதுன்னு எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். உன்கிட்ட இருந்தா பத்திரம்னுதான் குடுக்கறேன்."

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். சொல்லவில்லை என்று நான் ஒரு நாளும் சாதித்ததில்லை.

சனிக்கிழமை அந்த இடது கைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். மெக்கானிக் கொக்கி முனை வைத்த குரோஷா ஊசியை எடுத்து, நழுவிய கண்ணியை ஏணிப்படி ஒவ்வொன்றாக மேலே ஏற்றுவது எப்படி என்று காட்டினார். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு பின்னினது?"

"சொந்தக்காரர் ஒருத்தர்."

"கை நடுங்கியிருக்கே. அவரையும் கூட்டிட்டு வாங்களேன், பக்கத்துல உக்கார வச்சு சொல்லித் தரலாம்."

"அவர் இப்பப் பின்னறதில்லை."

இதில் பொய் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

கால் மணி நேரத்தில் நாலு படியும் ஏறிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பின்னலைக் கெடுக்காமல் சரி செய்திருக்கிறேன். அன்று சாயங்காலமே கீழே போய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் மேஜை விளக்கைப் போட்டு, ஸ்வெட்டர் முழுவதையும் அதற்கு முன்னால் தூக்கிப் பிடித்துவிட்டேன். பழக்கதோஷம்.

அவ்வளவு பிழையை ஒரே பொருளில் நான் பார்த்ததே இல்லை. முதுகில் ஒரு பொத்தல். மார்பில் நாலு விரல் அகலத்துக்கு வரிசைகள் இறுகிக் கல்லாகக் கிடந்தன, அதற்கு மேலே தொளதொளவென்று. வலது கையில் பாதிக் கண்ணிகள் முறுக்கிக்கொண்டு நின்றன. பதினேழு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு குமிழிக்கே புட்டி தொட்டிக்குப் போகும்.

தங்கைக்கு இந்தப் பிழைகள் எல்லாம் மனப்பாடம். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், தெரியாமல் செய்தேன் என்று எனக்காக யாரும் பரிந்து பேச வேண்டாம். முதுகில் இருந்த பொத்தல், அவர் டிவி பார்த்து விழுந்து விழுந்து சிரித்ததில் விட்ட கண்ணி. இறுகிய வரிசைகள், ஊசி மருந்து ஏற்றிய வாரங்கள். முறுக்கின கண்ணிகள், வலது கையில் டிரிப் இருந்ததால் இடது கையால் பின்னியவை. குழந்தைகளுக்குப் படக்கதை சொல்வது போல ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதையெல்லாம் சரி செய்துவிட்டால் இவள் இப்படித் தேம்ப வேண்டியதில்லையே என்றுதான் எனக்குத் தோன்றும். அவள் நல்லதை நினைக்காமல் நான் ஒரு நூலையும் தொடவில்லை.

முதலில் சின்னதாக ஒன்று. இடது கையில் ஒரு கண்ணி மட்டும் தலைகீழாக நின்றது, இருபது வரிசைக்குக் கீழே. அதைத் திருத்த வேண்டுமானால் மேலே ஊசியில் இருக்கிற கண்ணியை வேண்டுமென்றே நழுவவிட்டு, இருபது வரிசையும் ஏணியாக இறங்க விட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்றீர்கள்.

"நானே நழுவ விடறதா? வேணும்னேவா?"

"பயப்படாதீங்க. கண்ணி ஓடி எங்க போயிடப் போகுது, அங்கயேதான் இருக்கும்."

விட்டேன். சரசரவென்று இறங்கியது. இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். படிப்படியாக ஏற்றிக்கொண்டு வந்து ஊசியில் மாட்டியதும் மெக்கானிக் கைதட்டினார், நீங்கள் என் தட்டில் இரண்டு பிஸ்கட் கூடுதலாக வைத்தீர்கள். அறுபதைத் தொடப்போகிற வயதில் கைதட்டு வாங்குவது என்ன சந்தோஷம் தெரியுமா? முப்பத்தோரு வருஷத்தில் நான் தூக்கி எறியாத புட்டிக்காக யாரும் கைதட்டியதில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது வாய்விட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

அடுத்த வாரம், நூலோடு சேர்ந்து பின்னப்பட்டிருந்த மூன்று முடியை எடுத்தேன். அவருக்கு முடி கொட்டிக்கொண்டிருந்த சமயத்தில் பின்னிய இடம் அது. புருவம் திருத்துகிற இடுக்கியால், நூல் அறாமல், பொறுமையாக. இதை வித்தை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். சும்மா ஒரு சுத்தம்.

அதற்கப்புறம் காப்பு நூல். புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு இதைவிடத் தைரியம் கொடுக்கிற விஷயம் கிடையாது. நன்றாக வந்திருக்கிற ஒரு வரிசையில் எல்லாக் கண்ணிக்குள்ளும் ஒரு வெள்ளை நூலைக் கோத்து விட்டுவிட்டால், மேலே என்ன சொதப்பினாலும் கவலை இல்லை. ஊசியை உருவிவிட்டுப் பிரித்துக்கொண்டே வந்தால் அந்த வெள்ளை நூலில் வந்து நின்றுவிடும், அதற்குக் கீழே ஒரு கண்ணியும் போகாது. நீங்கள் சொன்ன விதி ஒன்றே ஒன்று: பிழையில்லாத வரிசையில்தான் கோக்க வேண்டும். பிழையான வரிசையில் கோத்தால் பிழைக்குத்தான் காவல்.

இடது கையின் மேல்முனையில் கடைசி மூன்று வரிசை வலை மாதிரித் தளர்ந்து கிடந்தது. அந்த மூன்றை மட்டும் பிரித்துத் திரும்பப் பின்னிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கடைசி நாள் மத்தியானம் அவர் பின்னிய வரிசைகள் அவை. தங்கை பள்ளியில் இருந்தாள். எனக்குக் காலை ஷிப்ட் முடிந்திருந்தது; எப்போதும் போல நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து உருண்டையிலிருந்து நூலை விட்டுக்கொண்டிருந்தேன். அதனால் அவை எவ்வளவு மோசமான வரிசைகள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஊசியை உருவி மூன்றையும் பிரித்தேன். நாலாவது வரிசையில் காப்பு நூலைக் கோக்கப் போனால் ஒரு கண்ணி குறைகிறது. சரி என்று அதையும் பிரித்தேன். ஐந்தாவதில் ஒன்று கூடுகிறது. ஒரு வரிசையை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமானால் அதற்கு மேலே உள்ளதை எடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. இறங்கிக்கொண்டே போனேன். நல்ல வரிசை ஒன்று வந்தால் நின்றுவிடுவேன், வெள்ளை நூல் கையிலேயே தயாராக இருந்தது. மணிக்கட்டுப் பட்டி வரை வந்துவிட்டேன். முதல் வரிசையே கோணல்.

விதிப்படி பார்த்தால் அந்தக் கையில் நிற்பதற்கு இடமே இல்லை டாக்டரம்மா. நான் என்ன செய்வது? மேஜைமேல் ஒரு பச்சை உருண்டை உட்கார்ந்திருந்தது, பார்க்கவே அழகாக.

கை போன பிறகு உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? முதுகிலும் மார்பிலும் அதே மாதிரி ஒரு நல்ல வரிசை தேடினேன். இரண்டு சாயங்காலம் ஆயிற்று. இடையில் நர்ஸ் போட்ட தையலை வெட்ட வேண்டியிருந்தது. அந்த ஸ்வெட்டரிலேயே பிழையில்லாமல் இருந்தது அவள் தையல் ஒன்றுதான், அதை வெட்டும்போது மனசு கொஞ்சம் கஷ்டப்பட்டது.

பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய கண்ணியின் வளைவு அதில் அப்படியே இருக்கும். வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, அடியில் ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராகும். குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டேன். அவர் தேய்த்துக்கொண்ட வலித் தைலத்தின் வாசனை போக மூன்று தண்ணீர் மாற்றினேன். தங்கை பையை இறுக்கி முடிந்து வைத்திருந்ததே அந்த வாசனைக்காகத்தான். தெரியும். ஆனால் நூலை நனைக்காமல் நேராக்க யாராலும் முடியாது.

நடுவில் அவள் படியில் என்னைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதாக்கா?"

"வந்துட்டே இருக்கு."

"அவசரமில்லை. ஞாயித்துக்கிழமைதான் மடி என்னவோ காலியா இருக்கு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கண்ணு போயிடப் போகுது, வெளிச்சத்துல உக்காந்து பண்ணு என்றாள். மறுநாள் என் கைக்குப் பூசிக்கொள்ள ஒரு டப்பா கிரீம் வாங்கி வந்து கொடுத்தாள்.

அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் மலர்கிறது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன புது வித்தை என்றுதான் தோன்றும். முறுக்குப் பின்னலை ஒரே வாரத்தில் பிடித்துவிட்டேன். கண்ணிகளை முன்னுக்குப் பின் மாற்றி நிறுத்துவதுதான் விஷயம், அதற்குப் போய் இரண்டு மாதம் பயந்திருக்கிறேன். தோள் சரிவுக்குப் பாதி வரிசையிலேயே திரும்புவது வந்தது. பாக்கெட் வைப்பது வந்தது. முறுக்குப் பின்னல் நூலைச் சாப்பிடும் என்று நீங்கள் எச்சரித்தீர்கள், அதே பச்சையில் மூன்று உருண்டை வாங்கிச் சேர்த்துக்கொண்டேன். ஊசி மட்டும் மாப்பிள்ளையின் ஊசிதான். கைக்கு நன்றாக அமைந்துவிட்டது.

கடைசியில் கத்தரிக்கோல். உடம்பை வளையமாக மூடிப் பின்னிவிட்டு, முன்பக்கம் நடுவில் இரண்டு பக்கமும் தையல் மெஷினில் ஓட்டிவிட்டு, அந்த இரண்டு தையலுக்கும் இடையில் மேலிருந்து கீழாக வெட்டித் திறந்து பட்டன் பட்டி வைப்பது. அந்தச் சனிக்கிழமை மேஜையைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்றீர்கள். உங்கள் கத்தரிக்கோலைத்தான் கொடுத்தீர்கள்.

"மூச்சை விட்டுக்கிட்டே வெட்டுங்க. பல்லு பிடுங்கறப்பவும் அதான் சொல்லுவேன்."

வெட்டினேன். ஒரு கண்ணிகூட ஓடவில்லை. மெக்கானிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்க இனிமே எதுக்கும் பயப்பட வேண்டாம்மா" என்றார். உண்மைதான், எனக்கு இப்போது எதற்கும் பயம் இல்லை. சும்மா சொல்லவில்லை, உங்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கண்காட்சி நாளில் நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும். நூலகத்தின் கீழ்க் கூடத்தில் ஹேங்கரில் மாட்டி, முதல் பரிசு ரிப்பனும் குத்தியிருந்தீர்கள். தங்கை பள்ளி விட்டு நேராக வந்தாள், விரலில் சாயம் காய்ந்துபோயிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் அதன் முன்னால் நின்றாள்.

"எவ்வளவு அழகா இருக்கு. யாருக்கா இது?"

"நான்தான்."

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எல்லோரும் பார்க்கிற மாதிரி கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"அவரோட நூல் கலராவே இருக்கே."

"அதேதான்."

"மிச்சம் இருந்த உருண்டையா?"

"எல்லா உருண்டையும்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஹேங்கரிலிருந்து அதை எடுத்தாள். முதுகைப் பார்த்தாள். மார்பில் விரலை ஓட்டினாள். வலது கையை உள்பக்கம் வெளியே திருப்பி, தையல் தையலாகத் தேடினாள். விளக்குக்கு முன்னால் நான் புட்டியைத் திருப்பிப் பார்ப்பது போலவே இருந்தது. ஒரு பிழையும் கிடைக்கவில்லை. அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைசியாக முகத்தை அதில் புதைத்து முகர்ந்தாள். சோப்பு வாசனைதான் வந்திருக்கும்.

"அந்தக் கடைசி மூணு வரிசை எங்கக்கா?"

யோசித்துப் பார்த்தேன். அந்த நூல் எந்த உருண்டையில் போனது என்று குறித்து வைக்கவில்லை. "காலர்ல இருக்கும்னு நினைக்கிறேன்," என்றேன். "இல்லைன்னா பாக்கெட்ல."

குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலி ஒன்று அங்கே இருந்தது. அதில் உட்கார்ந்துவிட்டாள். உங்களைக் கூப்பிடச் சொல்லி நான்தான் ஆள் அனுப்பினேன், நினைவிருக்கட்டும். நீங்கள் வருவதற்குள் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: ஊசி. என் கைப்பையில்தான் இருந்தது, கொடுத்தேன். இரண்டு ஊசியையும் மார்போடு அணைத்துக்கொண்டாள். "உனக்குப் பொறாமைக்கா. அவர் இருந்தப்பவும் பொறாமை, போனப்புறமும் பொறாமை," என்றாள். ஸ்வெட்டரை அந்த நாற்காலியிலேயே போட்டுவிட்டுப் போனாள். இப்போது படியில் எதிரே வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மழலைப் பள்ளிக் குரலில் பேசுகிறவள் எப்படி இவ்வளவு நாள் பேசாமல் இருக்கிறாள் என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

பொறாமை என்ற வார்த்தைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. பொறாமைக்காரி அறுத்துப் போடுவாள், எரித்துப் போடுவாள். மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகத் திரும்பப் பின்னுவாளா?

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஸ்வெட்டர் தங்கை அளவுக்கு இல்லையே, அது ஏன் என்று மெக்கானிக் கேட்கச் சொன்னாராம். அவர் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. தங்கை ஒல்லி. அதற்குள் அவளைப் போல ஒன்றரை ஆள் போகலாம். அளவு தவறிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், ஆனால் நான் அளவில் தவறுகிறவள் இல்லை.

மாப்பிள்ளை முதுகுப் பகுதியை ஆரம்பித்திருந்த ஒரு மத்தியானம். நான் ஷிப்ட் முடிந்து போயிருந்தேன். "கொஞ்சம் எழுந்து திரும்பி நில்லுங்கக்கா" என்றார். நின்றேன். பின்னிய துணியை ஊசியோடு என் முதுகில் வைத்து அளந்தார். அவருடைய மரத்துப்போன விரல்கள் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரைக்கும் மெதுவாகப் போயின. எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அதுவரை எனக்கென்று யாரும் எதற்கும் அளவு எடுத்ததில்லை. தொழிற்சாலைச் சீருடையைக்கூடக் குவியலிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அன்று முழுவதும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். மறுநாள் போனபோது அதைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க தோள்லேருந்து ரெண்டு பக்கமும் மூணு விரல் குறைக்கணும்க்கா. அவ ஒல்லி," என்றார் சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். பிரித்த நூலை நான்தான் உருண்டையாகச் சுற்றிக் கொடுத்தேன்.

ஆகவே முதலில் எடுத்த அளவு என்னுடையது. திரும்பப் பின்னும்போது அந்த மூன்று விரலை இரண்டு பக்கமும் சேர்த்தேன். வேண்டுமென்றேதான் சேர்த்தேன், முதல் கண்ணியிலிருந்தே. பரிசை நீங்கள் திருப்பி எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தம் இல்லை. சனிக்கிழமை வரலாமா கூடாதா என்பதை மட்டும் சொல்லியனுப்புங்கள். ஐந்து விரல் கையுறை சொல்லித் தருவதாக மெக்கானிக் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இதை எழுதும்போது அந்த ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். தோள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. இதில் அவர் கை பட்ட இடம் என்று ஒன்றுமே இல்லை என்கிறாள் தங்கை. அவளுக்கு என்ன தெரியும்? எனக்கென்று பின்னியிருந்தால் அவர் ஒரு கண்ணிகூட நழுவ விட்டிருக்க மாட்டார்.